கோட்டுக்கு வெளியே நின்றவர்கள்

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குச் செல்லும் பெருவீதியில் ஐந்தாறு மைல் சென்றால் மருதனார்மடச் சந்தி வரும். அச்சந்தியை அடுத்துக் கிடக்கும் செம்மண் ஊர் உடுவில். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் வாய்ப்பான மண் அது. ஆயினும் உடுவில் என்ற பெயரைக் கேட்டதும் கற்றோர் நினைவில் எழுவது தோட்டம் அன்று; பள்ளிக்கூடம். 1824ஆம் ஆண்டிலே அமெரிக்க மிசன் பாதிரிமார் அங்கே நிறுவிய மகளிர் விடுதிப் பாடசாலை, ஆசியாவின் மிகப் பழைய பெண்கள் பாடசாலைகளுள் ஒன்றாக எண்ணப்படுவது. ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் அதனைத் தொடக்கி வைத்தார். எலிசா அக்னியூ அம்மையார் 1840 தொட்டு ஏறத்தாழ நாற்பது ஆண்டு அதனை வளர்த்தார். காலப்போக்கில் ஊரின் பெயரும் பாடசாலையின் பெயரும் ஒன்றாகிவிட்டன.

இதனால் ஒரு விசித்திரம் நேர்ந்தது. ஊருக்குப் புகழ் தந்த கல்லூரி பெண்களுடையது. ஆண்பிள்ளைகளுக்கோ நாலு திக்கிலும் கல்லூரிகள் இருந்தன. வடக்கே சுன்னாகத்தை அடுத்து ஸ்கந்தவரோதயக் கல்லூரி. அதற்கும் அப்பால் தெல்லிப்பழையில் யூனியன் கல்லூரி, மகாஜனக் கல்லூரி. மேற்கே மானிப்பாய் இந்துக் கல்லூரி, வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி. தெற்கே கொக்குவில் இந்துவும் பட்டினத்துக் கல்லூரிகளும். ஒரே ஒழுங்கையில் குடியிருந்த பிள்ளைகள் காலையில் ஒன்றாகப் புறப்பட்டுச் சந்தியில் வெவ்வேறு திசைக்குப் பிரியலாம். இக்கல்லூரிகளுள் எந்த இரண்டு உதைபந்தாட்டத்தில் மோதினும் இரு பக்கத்திலும் நிற்பதற்கு உடுவிலில் ஆள் உண்டு. விளையாட்டை ஆடியவர் கண்ணாலன்றி, நின்று பார்த்தவர் கண்ணாலே காண விரும்புவோர்க்கு இத்தகைய ஊரே தக்க இடம்.

பார்த்தவர்க்கு வரலாறு இல்லை. கல்லூரிகள் வெளியிட்ட வெள்ளிவிழா மலர்களையும் நூற்றாண்டு மலர்களையும் புரட்டினால் இது தெளிவாகும். அணிகளின் படங்கள் வரிசையாக இருக்கும். அதிபரும் பொறுப்பாசிரியரும் நாற்காலியில் அமர்ந்திருப்பர். பையன்கள் கைகட்டி நிற்பர். முன்னே தரையில் ஒரு பந்து. பந்தின்மேல் வெள்ளை மையால் ஆண்டு எழுதப்பட்டிருக்கும். அந்த ஆண்டில் அந்த அணிக்காகத் தொண்டை கிழியக் கத்தியவர் எவரும் அப்படத்தில் இல்லை. இருப்பது இயல்புமன்று. ஆனால் அவர்கள் இல்லாமல் இவ்விளையாட்டு யாழ்ப்பாணத்தில் வேர்கொண்டிருக்குமா என்பது கேட்கத்தக்க கேள்வியே.

உதைபந்தாட்டத்துக்கு விதிகள் முதலில் ஒழுங்காக வகுக்கப்பட்டது 1863ஆம் ஆண்டில், லண்டன் மாநகரில். ஆங்கிலேயர் தம் பெரும் பள்ளிகளிலே உடலுறுதியும் கட்டுப்பாடும் கற்பிக்கும் சாதனமாக அதனைக் கருதினர். அவர்கள் ஆண்ட நாடுகளுக்கெல்லாம் பள்ளிக்கூடத்தோடும் பட்டாளத்தோடும் பந்தும் சென்றது. யாழ்ப்பாணத்துக்கு வந்த வழி சற்று வேடிக்கையானது. வலிகாமத்தில் 1816 முதல் கல்வி பரப்பியவர்கள் அமெரிக்கர். அவர்களுடைய நாட்டில் 'புட்பால்' என்ற பெயர் பிற்காலத்தில் வேறொரு விளையாட்டுக்கு உரியதாயிற்று. முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம் அது. அதைப் பார்க்க ஊர் முழுவதும் பள்ளி மைதானத்துக்குத் திரளும் வழக்கம் இன்றும் அங்கே உண்டு. ஆனால் அமெரிக்கர் நிறுவிய யாழ்ப்பாணப் பாடசாலைகளிலே நிலைத்தது ஆங்கிலேயரின் பந்து. அந்தப் பந்தோடு அவர்கள் எதிர்கொண்டதோ ஐரிஷ் குருமார் தலைமை தாங்கிய பத்திரிசியார் கல்லூரி போன்ற எதிரிகளை. ஆட்சி ஆங்கிலேயருடையது, போட்டிக்கு அழைத்த அயற் பள்ளிகளும் அவ்விளையாட்டையே ஆடின, ஆகவே வேறு வழியில்லை.

சைவப் பெருமக்கள் மிசன் பள்ளிகளுக்கு எதிராகத் தம் பள்ளிகளை நிறுவிய வரலாறு யாவரும் அறிந்ததே. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி 1890இல் எழுந்தது. மானிப்பாய் இந்துக் கல்லூரியும் கொக்குவில் இந்துக் கல்லூரியும் 1910ஆம் ஆண்டளவிற் பிறந்தன. பாவலர் துரையப்பாபிள்ளை தெல்லிப்பழையில் நாட்டிய மகாஜனக் கல்லூரியும் அவ்வாண்டினதே. வேதாகமம் வேண்டாம் என்ற இப்பள்ளிகள் பந்து வேண்டாம் என்று சொல்லவில்லை. மாறாக, மிசன் பள்ளிகளை வெல்வதற்குக் கிடைத்த களங்களுள் ஒன்றாகவே மைதானத்தைக் கருதினர். பரீட்சைப் பெறுபேறு அச்சில் வரும். படிக்கத் தெரிந்தவனுக்கே அது விளங்கும். பந்து வலைக்குள் விழுவதை எழுத்தறியாத கிழவரும் கண்டு மகிழலாம்.

கிரிக்கெட்டும் அதே பள்ளிகளில் இருந்தது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையிலான பெரும் போட்டி 1904இல் தொடங்கியது என்பர். எனினும் கிரிக்கெட் செலவுள்ள விளையாட்டு. மட்டை வேண்டும், காப்பு வேண்டும், செப்பமிட்ட தரை வேண்டும், நாட்கணக்கில் ஓய்வு வேண்டும். உதைபந்துக்கு ஒரு பந்து போதும். பந்துமில்லாவிடின் பழந்துணியைச் சுருட்டிக் கட்டினாற் போதும். பிற்பகல் துலா மிதித்துத் தோட்டத்துக்கு நீர் இறைத்து முடித்தவன், மாலையில் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினால் முழு ஆட்டத்தையும் பார்த்துவிடுவான். தமிழ்நாட்டார் இதனைக் கால்பந்து என்பர். ஈழத்தார் உதைபந்து என்பர். அங்கே உறுப்பைச் சொன்னார்கள், இங்கே செயலைச் சொன்னார்கள்.

அக்காலத்துப் பையன்களுட் பெரும்பாலோர் வெறுங்காலுடனே ஆடினர். இது யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியதன்று. கல்கத்தாவில் மோகன் பகான் குழு 1911ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் கிழக்கு யோர்க்ஷயர் பட்டாளத்தை இரண்டுக்கு ஒன்று என்று வென்றபோது அக்குழுவினரில் ஒருவரைத் தவிர ஏனையோர் வெறுங்காலர். 1948இல் லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுடன் ஆடிய இந்தியருட் பலரும் அவ்வாறே. செம்மண் தரையில் வெறுங்காலால் ஆடும் ஆட்டத்துக்கு ஒரு தனி இயல்பு உண்டு. காற்பந்தின் தோல் மழையில் நனைந்து கனக்கும். மண் ஒட்டிச் சிவக்கும். இடைவேளைக்குள் இரு அணியினரின் உடையும் ஒரே நிறமாகும். அப்போது முகத்தைக் கொண்டே ஆளை அறியவேண்டும். ஊரவர்க்கு அதில் இடர்ப்பாடு இல்லை. பிள்ளைகளைப் பிறந்த நாள் தொட்டு அறிந்தவர்கள் அவர்கள்.

பார்வையாளர் ஆட்டத்தை எவ்வாறு இத்துணை விரைவில் விளங்கிக்கொண்டனர்? கிளித்தட்டு அறிந்தவர் இக்கேள்வி கேட்கமாட்டார். தரையிலே கோடு கீறி, கோட்டைக் காப்போரை ஏய்த்து அப்பாற் பாயும் ஆட்டம் அது. வலப்புறம் பாய்வதுபோற் காட்டி இடப்புறம் நழுவுதல், ஒருவன் காவலனை இழுத்து வைத்திருக்க மற்றவன் கடந்து செல்லுதல் ஆகிய நுட்பங்களெல்லாம் அதில் உண்டு. வெளிவீதியிலும் அறுவடை முடிந்த வயலிலும் தலைமுறை தலைமுறையாகக் கிளித்தட்டு மறித்த கண்களுக்கு, பந்தைக் காலோடு கொண்டு வளைந்து ஓடும் பையன் புதியவனாகத் தோன்றவில்லை. பந்து மட்டுமே புதிது. விதிகளுள் ஓப்சைட் ஒன்றுதான் விளங்காமல் நின்றது. அதைப் பற்றிய வழக்குகள் மைதானத்தில் தீராமல் தேநீர்க் கடை வரைக்கும் வந்தன.

கரையோர ஊர்களின் கதை வேறு. இளவாலை, குருநகர், பாஷையூர், நாவாந்துறை ஆகிய கத்தோலிக்கக் கடற்கரைகளிலே மணலில் ஓடிப் பழகிய கால்களுக்கு மைதானம் எளிதாயிற்று. கோயிற் பங்கும் விளையாட்டுக் கழகமும் அங்கே ஒன்றையொன்று தாங்கி நின்றன. இளவாலைப் புனித ஹென்றியரசர் கல்லூரிக்கு எதிராக உள்ளூர்க் கல்லூரி ஒன்று ஆடினால், அது தோட்டக்காரர் பிள்ளைகளுக்கும் கடற்றொழிலாளர் பிள்ளைகளுக்கும் இடையிலான போட்டியாகவும் இருக்கக்கூடும். அவர்கள் சந்திப்பதற்கு வேறு வாய்ப்பு அதிகம் இருந்ததில்லை.

ஆட்ட நாளின் தோற்றத்தைச் சிறிது சொல்லவேண்டும். 1902இல் காங்கேசன்துறைப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டபின் சுன்னாகமும் தெல்லிப்பழையும் பட்டினத்துக்கு அண்மையாயின. ஆயினும் உடுவிலார்க்குத் துவிச்சக்கரவண்டியே துணை. முன்னே தண்டில் ஒருவர், பின்னே ஒருவர் என ஒரு வண்டியில் மூவர் செல்வர். மைதானத்தில் இருக்கை கிடையாது. அதிபர், ஆசிரியர், அழைக்கப்பட்ட பெரியோர் ஆகியோருக்குச் சில வாங்குகள் இடப்பட்டிருக்கும். ஏனையோர் கோட்டோடு நிற்பர். கோடு என்பது சுண்ணாம்புத் தூளால் இட்ட வெள்ளை வரி. அதற்கும் பார்வையாளர் பெருவிரலுக்கும் இடையே ஒரு சாண் இருந்தால் அதிகம். ஆட்டம் சூடேற ஏற அந்தச் சாணும் மறையும். ஆசிரியர் ஒருவர் பிரம்போடு வந்து கூட்டத்தைப் பின்தள்ளுவார்; அவர் முதுகு திரும்பியதும் கூட்டம் பழைய இடத்துக்கு வந்துவிடும். வேலிப் பூவரசின் கிளைகளிற் சிறுவர் இருப்பர். கச்சான் விற்கும் ஆச்சி கடகத்தோடு எல்லைக்கு அப்பால் உட்கார்ந்திருப்பாள். ஆட்டத்தை அவள் பார்ப்பதில்லை. ஆரவாரத்தின் தன்மையைக் கொண்டே எவர் பக்கம் கோல் விழுந்தது என்பதை அறிவாள்.

கோட்டோரத்தில் வழங்கிய மொழி இலக்கணத்துக்கு உட்பட்டதன்று. "விடாதை, விடாதை!", "அவனுக்குக் குடடா!", "உதையடா!" என்பவையே அதன் முழு அகராதி. மத்தியஸ்தர் பெரும்பாலும் வேறொரு கல்லூரி ஆசிரியராக இருப்பார். வகுப்பறையிலே அவருக்கு முன் எழுந்து நிற்கும் ஊரார், இங்கே அவருடைய கண்ணைப் பற்றியும் நேர்மையைப் பற்றியும் உரத்த குரலில் ஐயம் எழுப்புவர். சில வேளை ஐயம் கல்லாகப் பறந்ததும் உண்டு. ஆட்டம் இடையில் நின்றதும் உண்டு. கல்லூரிப் பற்று என்று அழகுபடச் சொல்லப்படுவதன் மறுபக்கம் இது, மறைப்பதிற் பயனில்லை.

உடுவிலின் இடர் வேறு வகையானது. தந்தை வட்டுக்கோட்டையிற் படித்தவர், மூத்த மகன் ஸ்கந்தவரோதயத்தில், இளையவன் யூனியனில் என்று ஒரே வீடு மூன்று கல்லூரிக்கு உரியதாதல் இவ்வூர்ப்புறத்தில் இயல்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே வட்டுக்கோட்டையிற் கற்ற இளைஞர்க்கும் உடுவிலிற் கற்ற பெண்களுக்கும் மணம் முடித்தல் மிசன் குடும்பங்களில் வழக்கமாயிருந்தது. ஆகவே பழைய மாணவர் பற்று என்பது குடும்ப முதுசம் போலவே இறங்கி வந்தது. அத்தகைய வீட்டில் ஆட்டம் முடிந்த இரவு எவரோ ஒருவர் பேசாமற் சாப்பிட்டு எழுவார்.

இதுகாறும் சொன்னவை இனிய நினைவுகளாகவே இருக்கலாம். ஆனால் அந்த வெள்ளைக் கோடு வேறு சில கோடுகளையும் நினைவூட்டுவது. யாழ்ப்பாணத்துப் பள்ளிகள் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒருங்கே திறந்திருந்தவை அல்ல. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் சில பள்ளிகளில் நிலத்தில் அமர்த்தப்பட்டனர், பலவற்றிற் சேர்க்கப்படவேயில்லை. 1929, 1930ஆம் ஆண்டுகளில் அரசாங்கம் உதவிபெறும் பள்ளிகளில் சம ஆசனம் வேண்டும் என்று வற்புறுத்தியபோது எதிர்ப்பு மூண்டது. பள்ளிக் கொட்டில்கள் எரிக்கப்பட்டதும் அப்போதே. அப்பிள்ளைகளின் தந்தையர் கல்லூரியின் வகுப்பறைக்குள் ஒருநாளும் புகுந்தவர் அல்லர். எனினும் மாலை ஆட்டத்தின்போது கோட்டோரத்தில் நிற்பதற்கு அனுமதிச் சீட்டோ பதிவேடோ இருக்கவில்லை. அங்கே சாதி ஒழிந்தது என்று சொன்னால் அது பொய். யார் பக்கத்தில் யார் நிற்பது, எந்த மூலையில் நிற்பது என்பவை எழுதாத சட்டங்களாகவே இருந்திருக்கும். தெல்லிப்பழைக்கு அணித்தான மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் 1968ஆம் ஆண்டிலும் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட வேண்டியிருந்தது என்பதை எண்ணினால், மைதானத்தின் தாராளத்தை மிகைப்படுத்தத் தோன்றாது.

ஆயினும் மாற்றம் மைதானத்தின் உள்ளேயும் வந்தது. 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. கட்டணம் செலுத்த இயலாத வீட்டுப் பிள்ளைகள் பெருங் கல்லூரிகளின் வாயிலைக் கடந்தனர். 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் மகாஜனா, ஸ்கந்தவரோதயம், யூனியன் முதலியன அரசாங்கப் பாடசாலைகள் ஆயின. உடுவில் மகளிர் கல்லூரி, யாழ்ப்பாணக் கல்லூரி முதலிய சில தனித்து நின்றன. தந்தை கோட்டுக்கு வெளியே நின்ற இடத்தில் மகன் கோட்டுக்கு உள்ளே ஓடும் காலம் வந்தது. து. ஜெயரத்தினம் அதிபராக இருந்த கால் நூற்றாண்டில் மகாஜனக் கல்லூரி உதைபந்தாட்டத்திற் பெற்ற புகழுக்கு இவ்விரிவும் ஒரு காரணம் எனக் கொள்ளலாம். திறமை எவ்வீட்டிற் பிறக்கும் என்று எவரும் விதித்துவைக்க முடியாது.

இவ்வளவும் ஆண்களின் கதை. கல்விக்குப் பெண்களை முதலில் அழைத்த ஊர் உடுவில். அவ்வூர்ப் பெண்கள் எங்கே நின்றார்கள்? கோட்டுக்கு உள்ளேயும் அல்லர், வெளியேயும் அல்லர். வேலிக்கு அப்பால் எழுந்த ஆரவாரத்தைக் கேட்டவர்கள் அவர்கள். மகன் முழங்கால் உரிந்து வந்தபின் ஆட்டத்தின் முடிவை அறிந்தவர்கள். மகளிர் பாடசாலைகளுக்கு வலைப்பந்து வந்தது. அதுவும் மதிலுக்குள் ஆடப்பட்டது. உதைபந்து பெண்ணுக்கு ஆகாது என்பது எழுதாத விதி.

தமிழ் நூல்களை அறிந்தவர்க்கு இது விந்தையாகத் தோன்றும். பழந்தமிழ் இலக்கியத்திலே பந்து பெண்களின் விளையாட்டுப் பொருள். சங்கச் செய்யுள்களில் மகளிர் பந்தும் கழங்கும் ஆடுவர். சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையிலே பந்தாடும் மகளிர் பாடும் கந்துகவரி உண்டு. குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தடிக்கும் காட்சியே கதைக்கு வாயில். அவை கையால் ஆடிய பந்து என்பது உண்மை. எனினும் பந்தைத் துரத்தி ஓடும் பெண் தமிழுக்கு அந்நியள் அல்லள். நாணத்தின் பெயரால் அவளை நிறுத்திய வழக்கம் முழுவதும் நம் முன்னோரது என்று சொல்வதற்கும் இல்லை. பந்தைக் கொண்டுவந்தவர் நாட்டிலும் அதுவே நடந்தது. லிவர்பூல் நகரில் 1920ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் பெண்கள் ஆடிய ஓர் ஆட்டத்தைக் காண 53,000 பேர் திரண்டனர். அடுத்த ஆண்டு டிசம்பரிலே ஆங்கில உதைபந்தாட்டச் சங்கம், உதைபந்து பெண்களுக்கு ஏற்றதன்று எனக் கூறித் தன் கழகங்களின் மைதானங்களை அவர்களுக்கு அடைத்தது. அத்தடை ஏறக்குறைய ஐம்பது ஆண்டு நீடித்தது. பார்வையாளர் போதாமையால் எழுந்த தடையன்று. மிகுந்தமையால் எழுந்த தடை.

பின்னர் வந்த போர்க்காலம் ஆடியவர், பார்த்தவர் என்ற பேதமின்றி எல்லோரையும் மைதானத்திலிருந்து அகற்றியது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். தெல்லிப்பழைக் கல்லூரிகள் தம் நிலத்தை விட்டு வேறிடங்களில் இயங்கின. காங்கேசன்துறைக்குப் புகையிரதம் நின்றது. உடுவிலுக்கு வடக்கே மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் முகாம்கள் எழுந்தன. 1995ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதுமே தென்மராட்சியை நோக்கி நடந்தது. உடுவிலும் அதனுள் அடக்கம். அடுத்த ஆண்டில் மக்கள் திரும்பியபோது சில மைதானங்கள் காவலரணுக்கு உட்பட்டிருந்தன. சிலவற்றிற் புல் ஆளுயரம் வளர்ந்திருந்தது. யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்கு இந்திய உதவியோடு புதுக்கப்பட்டு 2016ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் திறக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டிலே காங்கேசன்துறைப் புகையிரதம் மீண்டும் ஓடத் தொடங்கியிருந்தது.

அந்தப் பத்தாண்டிலேதான் பழைய கணக்கு ஒன்று தலைகீழாயிற்று. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் மகளிர் அணி அகில இலங்கைப் பாடசாலைப் போட்டிகளிலே உதைபந்தாட்டக் கிண்ணங்களை வென்றது. ஆண்பிள்ளைகளின் அணியைக் கொண்டே பேசப்பட்டுவந்த கல்லூரியின் பெயர், இப்போது பெண்பிள்ளைகளின் கால்களால் கொழும்பு வரை சென்றது. காலணியும் முழங்காலுறையும் அணிந்து, கூந்தலை இறுகப் பின்னிக் கட்டி, அதே செம்மண்ணில் அவர்கள் ஓடினர்.

கோட்டோரத்தில் நிற்பவர்களும் மாறினர். போரில் ஆண்துணை இழந்த வீடுகள் பல இப்பகுதியில் உண்டு. பிள்ளையைப் பயிற்சிக்கு அழைத்துவருவதும், ஆட்டம் முடியும்வரை காத்திருந்து அழைத்துப்போவதும் அவ்வீடுகளில் தாய்மார் மேல் விழுந்த வேலை. முதலில் வேலியோரத்தில், துவிச்சக்கரவண்டியை விட்டு இறங்காமலே நிற்பார்கள். ஆட்டம் சூடேறியதும் வண்டியை மரத்திற் சாய்த்துவிட்டுக் கோட்டுக்கு ஒரு சாண் அளவில் வந்துவிடுவார்கள். பிரம்போடு வந்து பின்தள்ளும் ஆசிரியர் இப்போது இல்லை. "விடாதை, பிள்ளை, விடாதை!" என்ற குரல் மட்டும் அப்படியே இருக்கிறது.